பேட்டரி டாக்டரின் கைராசி

"பேட்டரியைக் கொன்னே போட்டுட்டியேடீ!"

விடுமுறை நாள், காலையிலேயே டாக்டர் ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஓடுகிற லேப்டாப்பில் பேட்டரிக் கோளாறு என்றால் ஆபீசில் எல்லாரும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். 'பேட்டரி டாக்டர்' என்று அவர்கள் வைத்த பேரை இவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

இன்றைக்கு நோயாளி, மனைவியின் லேப்டாப்.

"ரெண்டு மணி நேரம் தாங்கும்னு காட்டுதுங்க. சார்ஜரைக் கழட்டினா பத்து நிமிஷத்துல படுத்துடுது," என்றாள் மனைவி, விடைத்தாள் திருத்திக்கொண்டே. பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஆன்லைனில் கணக்கு வகுப்பு. கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

"போன வாரம் கரண்ட் போய் வகுப்பு பாதியில நின்னுபோச்சு. இன்னொரு தடவை நின்னா வேற டீச்சரைப் போட்டுடுவோம்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கும் சாயங்காலம் கரண்ட் இருக்காதாம். பேசாம புது பேட்டரி ஒண்ணு வாங்கிடலாமே?"

"டாக்டரை வீட்டுலயே வெச்சுக்கிட்டு வெளியில வைத்தியமா? நல்லா இருக்கே!"

"சரிங்க," என்றாள். சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

டாக்டர் சார்ஜரைக் கழற்றிவிட்டு, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினார்.

"ஒரு வாட்! மொத்த லேப்டாப்புக்கும் ஒரே ஒரு வாட்தான் செலவாகுதாம். இந்தத் திரைக்கே அதைவிட ஜாஸ்தி வேணும். பச்சைப் பொய்!"

"லினக்ஸ் கூடவா பொய் சொல்லும்?"

"லினக்ஸ் என்ன பண்ணும், பாவம்? அது கிளிப்பிள்ளை. பேட்டரிக்குள்ள இருக்கற சின்ன சிப் என்ன சொல்லுதோ அதை அப்படியே ஒப்பிக்கும். அந்த சிப்புக்குத்தான் கணக்கு மறந்துபோச்சு. முழுசா சார்ஜ் ஏத்தி, முழுசா இறக்கி, மறுபடி ஏத்தினா ஞாபகம் வந்துடும். என்னோடதுக்கும் இதே வியாதிதானே? இந்தக் கைதானே காப்பாத்துச்சு?"

அந்தக் கதை ஊருக்கே தெரியும். இரண்டும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி லேப்டாப். வேலை போய், ஏறி இறங்கிய படியெல்லாம் கையை விரித்து, மனிதர் சுவரையே வெறித்துக்கொண்டிருந்த காலத்தில் இவருடைய பேட்டரியும் தன் பங்குக்குக் காலை வாரியது. இந்த வைத்தியத்தைத்தான் செய்தார். மறுநாளே ஜம்மென்று பிழைத்துக்கொண்டது!

லினக்ஸ்காரர்கள் கூடுகிற இணைய மன்றத்தில் அதை விலாவாரியாக எழுதினார். 'கைராசிக்காரர் ஐயா நீங்க' என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அடுத்த இன்டர்வியூவில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசினார். வேலையும் கிடைத்தது.

"என்னோடது இன்னிக்கும் மூணு மணி நேரம் தாங்குது. எல்லாம் பராமரிப்பு! நீ நாள் முழுக்க சார்ஜர்லயே போட்டு வெச்சா அது என்ன ஆகும்?"

"ஆமாங்க," என்றாள் அவள்.

ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தால், பழையபடி அதே ஒரு வாட். அதே பத்து நிமிஷம்.

புது அப்டேட் போட்டார். லினக்ஸின் உள்மையமான கெர்னலையே பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்த்தார். அளக்கிற புரோகிராமை மாற்றினார். எந்தக் கிளியைப் பிடித்து உட்கார வைத்தாலும் அதே பொய்யைத்தான் சொன்னது. கண் எரிந்தது, முதுகு விண்விண்ணென்று வலித்தது. கரண்ட் போகிற நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"இதை என்னதான் பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"பின்னே, தானாவா செத்துப்போச்சு? ஒரு பொருளைக் காப்பாத்தத் தெரியணும்டீ!"

அடுத்த தாளைப் புரட்டினாள்.

ஏதாவது ஒரு படியை விட்டுவிட்டோமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். தன் லேப்டாப்பைத் திறந்து, மன்றத்தில் எழுதிய பழைய பதிவைத் தேடி எடுத்தார். சிகிச்சைக்கு முன் ஒன்று, சிகிச்சைக்குப் பின் ஒன்று என்று பேட்டரியின் விவரங்களை அதில் ஒட்டியிருந்தார். இரண்டிலும் முதல் வரி, தொழிற்சாலையிலேயே பேட்டரிக்குப் போட்டு அனுப்பும் வரிசை எண்.

'சிகிச்சைக்கு முன்' என்பதில் இருந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. திரும்பினார். மனைவியின் திரையில் அதே எண்.

அவசரமாக 'சிகிச்சைக்குப் பின்' என்பதைப் பார்த்தார். அது வேறு எண்.

எத்தனை வைத்தியம் பார்த்தாலும் பேட்டரிக்கு எண் மாறுமா? பாராட்டிய ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. டாக்டர் கண்ணிலும்தான்.

செத்துக் கிடப்பது இவருடைய பேட்டரி. பிழைத்ததென்று இவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது அவளுடையது.

டாக்டர் இரண்டு லேப்டாப்பையும் அணைத்துக் கவிழ்த்து, தன்னுடையதில் இருந்த பேட்டரியைக் கழற்றி அவளுடையதில் மாட்டினார். அந்தச் சத்தத்தில் அவள் நிமிர்ந்தாள்.

"எப்ப மாத்தினே?"

அவள் பேனா நின்றது. "அன்னிக்கு நீங்க சார்ஜ் போட்டுட்டு அசந்து தூங்கிட்டீங்களே, அப்போ."

"என்கிட்ட ஏன் சொல்லலே? காலையிலேர்ந்து இவ்வளவு திட்டினேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம் இல்லே?"

"எழுந்ததும் பேட்டரியைப் பார்த்துட்டு, 'சரியாயிடுச்சு'ன்னு சிரிச்சீங்க. வேலை போன நாள்லேர்ந்து அன்னிக்குத்தான் நீங்க சிரிச்சீங்க. அதைப் பார்த்தப்புறம் எப்படிங்க சொல்றது?"