அடைகாத்த வாசகி

மரங்கொத்தி ஒரு சிற்றிதழ் நடத்திவந்தது. ஒவ்வொரு எழுத்தையும் அலகால் கொத்தித்தான் அச்சிடும். ஆனால் வாசகர்களிடமிருந்து ஒரு வார்த்தைகூட வந்ததில்லை. இதழை நிறுத்திவிட முடிவெடுத்து, சந்தாதாரரான மாடப்புறாவிடம் சொல்லப் போனது.

அங்கே புறா இதழைத் தாள் தாளாகப் பிரித்துக் கூட்டைச் சுற்றிச் செருகிவைத்திருந்தது. மரங்கொத்தி ஒரு தாளை அலகால் இழுத்துப் பார்த்தது.

"கூடு கட்டவா என் பத்திரிகை?"

"ஐயையோ, இல்லைங்க! அடைகாக்கும்போது அசைய முடியலை. கழுத்தைத் திருப்பினாலே படிக்கலாம்னுதான் இப்படி வச்சேன்," என்றது புறா. "கடைசிப் பக்கத்துக் கதையில 'தொடரும்'னு விட்டுட்டீங்களே, அந்த நண்டு வீடு போய்ச் சேர்ந்துச்சா?"

மரங்கொத்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அடுத்த இதழ்ல சேர்ந்துடும்மா."

"சீக்கிரம் போடுங்க. குஞ்சு பொரிச்சுட்டா எனக்குப் படிக்க நேரமிருக்காது."