இடது தோள்

கெங்கம்மாவுக்கு மூன்று வருடமாக இடது தோளில் வலி. குடம்கூடத் தூக்க முடிவதில்லை. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரும் கணவர் வேலப்பன், பக்கத்தில் கண்டெய்னர் லாரி வந்தாலே பயந்துபோய் அந்தத் தோளைத்தான் இறுக்கிப் பிடிப்பார். அவர் இறந்த வாரம் தொடங்கிய வலி.

காலடிப்பேட்டை மசாஜ் நிலையத்தில் கவிழ்ந்து படுத்தாள். எண்ணெயோடு வந்த மகிமா சலித்துக்கொண்டாள்.

"அக்கா, தோள்லேர்ந்து கைய எடு. நான் எங்க அமுக்கறது?"

"என் கை ரெண்டும் கீழ தொங்கிகினு கீது. ஒழுங்கா அமுக்கும்மா."

மகிமா கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள். ஒரு மணி நேரத்தில் வலி போயிருந்தது.

ஸ்கூட்டரில் தனியாகத் திரும்பும்போது எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று உரசுவதுபோல் வந்தது. வலது தோளில் ஐந்து விரல்கள் இறுகின.

"இன்னாய்யா, இப்ப இந்தப் பக்கமா?" என்றாள் எரிச்சலாக. "மெதுவாப் புடி."