சப்பாத்து இல்லாமல்

"இதென்ன மேரிறோஸ், பிள்ளையள் எங்களை விட நல்லா உடுத்திருக்குதுகள்!" என்றார் கூட்டத்தை நடத்திய பெனடிக்ற் அண்ணை.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

திரையில் உகண்டாவின் வடக்கே ஒரு சிற்றூர்க் கத்தோலிக்கக் கோவில் வாசல். வெள்ளைச் சட்டை, மினுக்கிய சப்பாத்து, எண்ணெய் பூசிய முகங்கள். முப்பது பிள்ளைகளும் கல்யாண வீட்டுப் படத்துக்கு நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உடுப்பு என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கே பவுடர் பூசிக்கொண்டு போகிற சனத்துக்கு இதை விளங்கப்படுத்த வேண்டிக் கிடந்தது.

2009 ஒக்டோபர். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் தமிழ்ப் பூசை முடிந்து, றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்து ஆட்களைப் பிடித்து இருத்தியிருந்தோம். அன்று கைதூக்கி முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான். இந்த வருடம் சேர்த்த காசில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மழைத்தண்ணீர்த் தாங்கி கட்டுவதா, எங்கள் மண்டபத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்குவதா?

வன்னிக்கு அனுப்புவது தனி. அதில் யாருக்கும் தர்க்கம் இல்லை.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். ஆண்டு லீவு முழுவதையும் எடுத்துத் தொண்டராக அங்கே மூன்று கிழமை நின்றேன். நான்கு ஊர்க் கோவில்கள். போன இடமெல்லாம் கோழி அடித்துச் சமைத்தார்கள். உதவி செய்யப் போனவள் இரண்டு கிலோ கூடித் திரும்பி வந்தேன்.

அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் தண்ணீருக்கு ஒரு மணித்தியாலம் நடக்கிறார்கள். தாங்கி கட்டாயம் வரும் என்று அங்குள்ள உபதேசியார் ஒகெல்லோவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

அடுத்த படம். பாடகர் குழுப் பெண்கள் கைதட்டிப் பாடுகிறார்கள்.

"இவையளிட்ட நல்ல மைக் இருக்குப் போல," என்றாள் எங்கள் பாடகர் குழுத் தலைவி றொஷானி.

மைக் இல்லை. அந்த ஊரில் மின்சாரமே இல்லை. பொறாமைக்கு அதெல்லாம் விளங்குமா?

பெனடிக்ற் அண்ணை எழும்பி வந்து என் காதருகே குனிந்தார். "பிள்ளை, வேற படம் இல்லையே? சித்திரை முழுக்கப் பார்லிமென்ற் வாசல்ல நிண்டு படிச்ச பாடம் இது. சிரிச்ச முகத்தைக் காட்டினா ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம்."

வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி அழுத முகத்தைக் காட்டியும் அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. அங்கே என் பக்கத்தில் நின்று அழுதவர் அவர்.

வேறு படம் இருந்தது. தேவைப்படக் கூடாது என்று கடைசியில் வைத்திருந்தேன்.

அழுத்தினேன்.

ஒரு மாமரம். அதன் கீழ் அதே பிள்ளைகள், வெறுங்காலோடு. கிழிந்த பெனியன், புழுதி படிந்த முழங்கால். ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆண்டவரே," என்றது பின்னால் ஒரு குரல். கடித்த றோல்சை ஒருவர் தட்டில் திரும்ப வைத்தார். றொஷானி கண்ணைத் துடைத்தாள்.

"தாங்கிக்குக் கை தூக்குங்கோ," என்றார் பெனடிக்ற் அண்ணை.

எண்ண வேண்டியிருக்கவில்லை. றொஷானியே இரண்டு கையையும் தூக்கினாள். பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "உந்தப் பெட்டை மட்டும் ஏன் பின்னால புல்லுக்குள்ள நிக்குது?"

"வெயிலுக்கு," என்றேன்.

மற்றவர்கள் எல்லோரும் மரநிழலில் இருக்க, வெயிலில் நின்றவள் அவள் ஒருத்திதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு படமும் ஒரே காலையில் எடுத்தவை. நடுவில் அரை மணித்தியாலம்.

ஒகெல்லோதான் கேட்டார். தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்கிற அதே மரியாதையோடு கேட்டார். சப்பாத்தோடு மட்டும் போதுமா, சப்பாத்து இல்லாமலும் ஒன்று எடுக்கவா? வருகிறவர்கள் அநேகமாக அதைத்தான் விரும்புவார்கள்.

அதையும் எடுப்போம் என்றேன். அவர் கைதட்டினார். பிள்ளைகளுக்கு அது பழக்கம்போல. வீடுகளுக்கு ஓடிப்போய்த் தோட்டத்து உடுப்போடு வந்து இருந்தார்கள்.

ஆபெர் என்ற பிள்ளை மட்டும் அசையவில்லை. பதினொரு வயது. கழற்ற மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒகெல்லோ என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சட்டையும் சப்பாத்தும் தெரியாதபடி அவளை உயர்ந்த புல்லுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். படத்தைக் கெடுக்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் மன்னார்ப் பக்கம் ஒரு கோவில் வளவுக்குள் அகதிகளாக இருந்தோம். எனக்கும் பதினொரு வயது. வெளிநாட்டு ஆட்கள் கமராவோடு வந்தார்கள். உயிர்த்த ஞாயிற்றுக்குத் தைத்த ரோஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். அடுத்த கிழமை பால்மா வந்தது.

லண்டனுக்கு வந்தபின் ஒரு பழைய கோவில் சஞ்சிகையில் அந்தப் படத்தைக் கண்டேன். அதிலும் பின்னால் புல் உயர்ந்து நிற்கிறது. புல்லுக்குள் ஒருவரும் இல்லை.

நான் முன்வரிசையில் இருக்கிறேன்.