ஃபெர்ரியில் கவிழ்ந்த தத்துவம்

"உங்க கேள்வியெல்லாம் அப்புறம். முதல்ல நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் நீலாவதி.

பக்தவத்சலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனோதத்துவம் படித்துவிட்டு சர்க்கார் வேலையாக அந்தமானில் போர்ட்பிளேருக்கு வந்தவன் அவன். பெற்றோர் கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில். அதனால் சாத்தாம் துறையில் ஃபெர்ரிப் படகு பிடித்து, தனியாகவே எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். பெண்ணின் குணத்தை எடைபோட நாற்பது கேள்விகளை மனப்பாடம் செய்திருந்தான். நீலாவதியைப் பார்த்ததும் அத்தனையும் மறந்துபோயிற்று. எப்படியாவது இவள் சரியென்று சொல்லிவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஏற்கெனவே நாலு வரன் தட்டிப்போன பெண். அவள் அப்பா திருநாவுக்கரசு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஐந்தாவதும் போய்விடுமோ என்ற கவலை, பாவம் என்று நினைத்துக்கொண்டான் பக்தவத்சலம்.

"ஆளைப் பார்த்தே குணத்தைச் சொல்லிடுவீங்களாமே. இன்னிக்கு ஃபெர்ரியில பார்த்தவங்களைப் பத்திச் சொல்லுங்க, பார்ப்போம்" என்றாள் நீலாவதி.

கேட்க வேண்டுமா, பையன் குஷியாகிவிட்டான். உடம்புவாகைப் பொறுத்துத்தான் குணம் என்று ஒரு பெரிய தத்துவமே உண்டு என்றான். குண்டானவர்கள் கலகலப்பானவர்கள். ஒல்லியானவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கட்டுமஸ்தானவர்களுக்குப் பயமே கிடையாது.

"சரி, இன்னிக்கு?"

இன்றைக்குத்தான் அந்தத் தத்துவம் கவிழ்ந்துவிட்டது என்று அசடு வழிந்தான். குண்டான வங்காள அம்மாள் ஒருத்தி மீன் கூடையை இவன் பேண்ட்டில் கொட்டிவிட்டு, இவனையே திட்டித் தீர்த்தாளாம். இவன் குனிந்து ஒவ்வொரு மீனாகப் பொறுக்கிக் கொடுத்தானாம். ஒல்லியான தெலுங்குக்காரர் ஓயாமல் பேசி, சம்பளம் எவ்வளவு என்று மூன்று தடவை கேட்க, இவன் மூன்று தடவையும் சொன்னானாம். பயில்வான் மாதிரி இருந்த மலையாளியோ அலையைப் பார்த்து நடுங்கி, கரை வரும்வரை இவன் கையை விடவேயில்லையாம்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சுங்க. ஆனா சிரிப்பு முந்திக்கிச்சு. தத்துவம் எழுதினவரு இந்த ஃபெர்ரியில ஏறினதில்லை போல."

நீலாவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களைப் பக்கம் திரும்பி, "மாசி, சப் லோக் ஆ ஜாவோ" என்று இந்தியில் யாரோ சித்தியையும் மற்றவர்களையும் வரச்சொல்லிக் குரல் கொடுத்தாள்.

காபித் தட்டோடு அந்தக் குண்டு அம்மாள் வெளியே வந்தாள். பின்னாலேயே ஒல்லிக்காரரும் பயில்வானும், வாயெல்லாம் பல்லாக. மூலையில் திருநாவுக்கரசு துண்டை எடுத்துவிட்டு, அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பைக் கொட்டினார்.

"எங்க அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க. என்னை வளர்த்தவங்களும் இவங்கதான்" என்றாள் நீலாவதி. "ஃபெர்ரியில வெச்ச பரீட்சையில நீங்க பாஸ்னு, படகுத்துறையில இறங்கினதும் ஓடிவந்து சொல்லிட்டாங்க. முன்னாடி வந்த நாலு வரனும் ஃபெயில்; பொண்ணுக்குக் காய்ச்சல்னு சொல்லி, படகுத்துறையோடயே திருப்பி அனுப்பிட்டோம்."