பெரியப்பா இலையில் ஓர் ஈ

திண்டுக்கல் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா இலையில், பாயசத்தின் ஓரமாக ஓர் ஈ வந்து அமர்ந்தது. அரிய வகை ஈயைக் கொன்றால் ஜெயில் என்று சட்டம் வந்ததிலிருந்து, எந்த ஈ உட்கார்ந்தாலும் படம் எடுத்து ஈயியல் துறைக்கு அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை யாரும் கை நனைக்கக் கூடாது.

பெண்ணின் அம்மா பரமேஸ்வரி பதினோரு படங்கள் அனுப்பினாள். பதினொன்றுக்கும் "முடிவு சொல்ல இயலாது" என்றே பதில் வந்தது. கடைசியில் ஈயியல் முதுநிலை வல்லுநர் முனைவர் குலோத்துங்கன், கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் ஆட, நேரிலேயே வந்துவிட்டார்.

"அரிய ஈயும் சாதா ஈயும் போட்டோவுல ஒரே மாதிரிதாம்மா இருக்கும். அடிவயித்து நுனியை லென்ஸ்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"மாப்பிள்ளையைக்கூட நாங்க இவ்வளவு ஆராயலை சார். சீக்கிரம் பாருங்க, சம்பந்தி வீட்ல செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க."

"பார்க்கணும்னா கொல்லணும்."

"கொல்லலாமான்னு தெரிஞ்சுக்கவே கொல்லணுமா?"

"முப்பது வருஷ அனுபவம்மா! இது சாதா ஈதான்." ஃபைலால் ஒரே அடி. இடுக்கியால் தூக்கி லென்ஸில் பார்த்தவரின் முகம் வெளுத்தது. ஈ கை நழுவிப் பாயசத்திலேயே விழுந்தது.

"அரியதா சார்?"

முனைவர் பரிதாபமாகத் தலையாட்டினார்.

பரமேஸ்வரி யோசிக்கவே இல்லை. பெரியப்பாவை அடுத்த வரிசையில் புது இலையில் உட்காரவைத்தாள். "சார், நீங்க இந்த இலையில உட்காருங்க. வெறும் வயித்தோட அனுப்பினா எங்களுக்கு மரியாதை இல்லை."

முனைவர் உட்கார்ந்தார். பாயசத்தைத் துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.