காலிக் கட்டம்

கடைக்குட்டியின் பரீட்சைக்காகத் தனிம அட்டவணையைச் சொல்லிக்கொடுத்தார் வேதியியல் வாத்தியாரான அப்பா.

“எடைப்படி அடுக்குனாங்க. எடை திடீர்னு எகிறி, குணமும் ஒத்துவரலைன்னா, நடுவுல ஏதோ இருக்குன்னு கட்டத்தைக் காலியா விட்டாங்க. பின்னாடி அது கிடைச்சுது.”

“நம்ம வீடு மாதிரியாப்பா? அக்கா, ரெண்டு வருஷத்துல அண்ணன், ரெண்டு வருஷத்துல சின்னக்கா, அப்புறம் நாலு வருஷம் கழிச்சு நான். நடுவுல எவனைத் தொலைச்சீங்க?”

அப்பா சிரித்துவிட்டார். “வாலு! அப்போ நான் வெளிநாட்டு வேலையில இருந்தேன்டி.”

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க போனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. குறைமாசத்துல பிறந்தான். ஒரு ராத்திரிகூடத் தாங்கல.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வேலையை விட்டுட்டு வந்திருப்பீங்க. மூணு வாய்க்குச் சோறு வேணுமே.”

“யார் ஜாடை?” என்று மட்டும் கேட்டார் அப்பா.

அம்மா கடைக்குட்டியைக் காட்டினாள்.