மறுநாள் கறி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே துணிக்கடை நடத்திவந்த திருவாளர் கணபதியா பிள்ளை அவர்களுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. காளான்களை இனங்காண்பதில் தமக்கு நிகரானவர் கண்டிச் சீமையிலேயே இல்லை என்பது அவர் துணிபு.

அன்று மழை விட்டதும் காட்டுக்குச் சென்று கூடை நிறையக் கொணர்ந்தார். புசல்லாவையிலிருந்து வந்திருந்த தமக்கை அன்னலட்சுமியிடம் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பாருக்கா. குடை நடுவுல கூர்மொட்டு. அடிமடிப்பெல்லாம் வெள்ளை. தண்டுல வளையம் கெடையாது, அடியில கிண்ணம் கெடையாது. வேரு புத்துக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்கு பாரு. அசல் புத்துக்காளான்."

"உன்னைக் கண்டா காளானே தன் பேரைச் சொல்லிரும் போல, தம்பி."

இரவு அவருக்கும் பிள்ளைகளுக்கும் மனைவி வடிவம்மா பருப்பு பரிமாறினாள். அடுக்களையில் தனக்கு மட்டும் காளான் கறியை எடுத்து வைத்தாள். அன்னலட்சுமி அதைக் கண்டுவிட்டாள்.

"என்ன தம்பி இது?"

"எப்பவும் அப்படித்தான்கா. அவளுக்குக் காளான்னா உசிரு. எங்களுக்கு நாளைக்குச் சூடு காட்டித் தருவா."

"கட்டின புருசனுக்கும் பெத்த புள்ளைக்கும் மிச்சம். இவளுக்குச் சுடச்சுடவா? நாளைக்குக் காலை பஸ்ஸுலேயே இவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பு."

பிள்ளையவர்கள் தலைகுனிந்தார்.

அன்னலட்சுமி சட்டியைப் பறித்து வந்து தம்பியின் தட்டில் கறியை ஊற்றினாள். அவரும் பிசையத் தொடங்கினார்.

வடிவம்மா தன் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"சரி, இன்னைக்கு நீங்களே சாப்பிடுங்க. நான் தொடலை. புள்ளைங்களுக்கும் ஊத்தாதீங்க, மதினி."

"ஏன், கோவமா?"

"கோவம் என்ன மதினி? இவங்க பாத்துச் சொன்னது தப்பாப் போச்சுன்னா, காலையில எந்திரிச்சுப் புள்ளைங்களைப் பாக்க ஒரு ஆளு வேணும்ல? இத்தனை வருசமா அந்த ஆளு இவங்களா இருக்கட்டும்னு நெனச்சேன்."

பிள்ளையவர்களின் கை தட்டிலேயே நின்றது. எழுந்தார். தட்டையும் சட்டியையும் எடுத்துச் சென்று வாழையடியில் கவிழ்த்தார். அது புற்றுக்காளான்தான் என்பதில் அவருக்கு அப்போதும் ஐயமில்லை.

அவருடைய காளான் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பத்தொன்பதாந் திகதி, புதன்கிழமை.